ஆக்சிலேட்டரில் ஒருத்தி

என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் வீட்டுக்காரர் இன்னொருத்தியின் காலை வைத்துத்தான் வண்டி ஓட்டினார். அந்த இன்னொருத்தி செத்து ஆறு வருஷம் ஆகிறது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். செத்தவள் மேல் போய்ப் பொறாமைப்படுவாளா ஒருத்தி என்று கேட்பவர்கள், செத்தவளோடு ஒரே வண்டியில் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் பெயர் மோகனப்பிரியா. பல்லடத்தில் மங்கலம் ரோட்டில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை. ஆக்சிலேட்டர் பெடல் சென்சாரில் வரும் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அதற்கென்று தேர்வு எழுதி அரசாங்க லைசென்ஸ் வாங்கியவள், இந்தத் தாலுகாவில் நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் பெயர் கார்வேந்தன். பொரிப்பகத்திலிருந்து, பிறந்து ஒரே நாளான கோழிக்குஞ்சுகளைப் பண்ணைகளுக்குக் கொண்டுபோய் இறக்கும் வேன் அவருடையது. நூறு குஞ்சு ஒரு பெட்டி, ஒரு நடைக்கு அறுபது பெட்டி. வண்டி ஒரு வெட்டு வெட்டினால் குஞ்செல்லாம் ஒரே மூலைக்குச் சரிந்து, அடியில் இருப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால் குஞ்சு வண்டிக்காரனுக்குக் கண்ணைவிடக் கால்தான் முக்கியம்.

இந்த மாதிரி உயிர்ச் சுமை ஏற்றும் வண்டிகளுக்குத்தான் 'கால் நினைவு' வைத்த பெடல் வந்தது. உமா நங்கையாவுக்கு நான் அதை விளக்கிய நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நங்கையா என்றால் வேந்தனின் அக்கா.

"எல்லாப் பெடல்லயும் ரெண்டு சென்சார் இருக்குதுங்க நங்கையா. காலு எவ்வளவு அமுக்குதுன்னு ரெண்டும் தனித்தனியா சொல்லோணும். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னாத்தான் வண்டி நம்பும். இல்லீன்னா நொண்டிக்கிட்டு ஓரமா போயிரும்."

"அது பழைய கதை. மூணாவதா என்னமோ இருக்குதுன்னு வேந்தன் சொன்னான்."

"மூணாவது, காலைப் படிக்கறது. நல்லா ஓட்டற ஒருத்தரோட காலை ஆயிரம் கிலோமீட்டர் படிச்சு வெச்சுக்கும். அப்பறம் யாரு ஓட்டினாலும், அவங்க கால்ல இருக்கற முரட்டுத்தனத்தை எடுத்துப்போட்டு, படிச்ச காலு மாதிரியே வண்டியை நடத்தும். ஒரு வண்டிக்கு ஒரு காலுதான். பூட்டு போட்டு வெச்சுக்கலாம்."

நங்கையா தலையை ஆட்டினாள். "அப்ப இந்த வண்டியில இருக்கறது ஜீவிதா காலு."

அவள் விடுவதாக இல்லை.

"அவ ஓட்டினா ஆத்துல தண்ணி போற மாதிரி ஒரே சீரா போகும் கண்ணு. ஒருக்கா மடியில காபி டம்ளரை வெச்சுக்கிட்டே உடுமலை வரைக்கும் போனேன். நீ ஓட்டறதும் நல்லாத்தான் இருக்குது. ஆனா பள்ளம் வந்தா வரதுக்கு முன்னாலயே காலை எடுத்துப்போடற. எதுக்கு அப்படி?"

"அது தொழில் பழக்கமுங்க. அடியில ஏதாச்சும் சத்தம் வருதான்னு கேக்கறதுக்கு."

"வீட்டு வண்டியில என்னத்துக்கு சத்தம் கேக்கோணும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் தொழிலில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மெக்கானிக் ஓட்டினால் கரடுமுரடான இடம் வருவதற்கு ஒரு நொடி, இரண்டு நொடி முன்னால் கால் தானாக மேலே வரும். மோட்டார் சத்தம் அடங்கினால்தான் அடியில் தேய்ந்துபோனது எதுவென்று காதில் விழும். கல்யாண ஊர்வலத்தில் ஓட்டினாலும் அப்படித்தான் ஓட்டுவோம்.

அதை விடுங்கள். ஜீவிதாவுக்கு வருகிறேன். வேந்தனின் முதல் மனைவி. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த வேனை வாங்கினார்கள். ஓட்டியது அவள்தான், இவர் பெட்டி இறக்குவார். மூளைக் காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டாள். ஒரு பண்ணைக்காரர் பாக்கியில்லை, என்னைப் பார்த்ததும் அவளைப் பற்றித்தான் பேசுவார்கள். ஜீவிதா கொண்டுவந்து இறக்கினால் ஒரு குஞ்சு சாகாதாம். நானும் முதலில் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எத்தனை நாளைக்குச் சிரிப்பது? வீட்டில் அவள் போட்டோ இருந்தால்கூட எனக்கு ஒன்றுமில்லை, பூ வைத்துவிட்டுப் போவேன். போட்டோ தினமும் நாற்பது மைல் ஓடாதே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேந்தனுக்கு மூட்டுகளைப் பிடிக்கும் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். இரண்டு மாதம் ஒர்க்ஷாப்புக்கு லீவு போட்டுவிட்டு நான்தான் குஞ்சு வண்டி ஓட்டினேன். எழுந்து உட்கார முடிந்த நாள் முதல் அவரும் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார். முதல் மாதம் பெடலில் அவள் கால் என் காலைப் பிடித்து இழுப்பது எனக்குத் தெரிந்தது. நான் காலை எடுத்தால் அவள் எடுக்க விடமாட்டாள், சீராகப் போ என்பாள். அப்புறம் ஒரு நாள் இழுப்பது நின்றுவிட்டது. நான்தான் அவளுக்குப் பழகிப்போய்விட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து அன்றைக்கு ராத்திரி சோறு சாப்பிடவில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் போன மாசியில் அந்தச் சங்கதி நடந்தது. பகல் பதினோரு மணி இருக்கும். எங்கள் ஒர்க்ஷாப் சீனியர் அனிபா அண்ணன் ஒரு சாமான் வாங்க உடுமலை ரோட்டுக்குப் போனவர், போன் செய்தார்.

"மோகனா, உங்க ஊட்டுக்காரர் வண்டி இங்க இன்னொரு கடையில நிக்குது. ஆக்சிலேட்டர் லைட் எரியுது. உங்கிட்ட சொன்னாரா?"

சொல்லவில்லை. எனக்கு எப்படி இருக்கும் நினைத்துப் பாருங்கள். பெடல் கோளாறு பார்ப்பதற்கென்றே அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்தவள் வீட்டில் இருக்கிறாள், இவர் ஊரான் கடையில் போய் நிற்கிறார். என் கையில் கொடுத்தால் அவள் காலுக்கு ஏதாவது செய்துவிடுவேன் என்று பயம். வேறு என்னவாக இருக்க முடியும்? அப்போது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

நேராகப் போய் வண்டியை நானே நொண்ட நொண்ட ஓட்டிக்கொண்டு வந்தேன். வேந்தன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஒர்க்ஷாப் வாசலில் இறங்கும்போதுதான் பேசினார்.

"சென்சாரை மட்டும் பாரு, மோகனா. நினைவைத் தொடாத."

"ஏன், தொட்டா என்னவாம்?"

"அது இருக்கட்டும். அவ்வளவுதான்."

"அவ்வளவு ஆசையா மாமா அந்தக் காலு மேல?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறப் போய்விட்டார். அந்த ஒரு 'ஆமா' போதாதா எனக்கு?

வேலையில் நான் குறை வைப்பதில்லை. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன், பச்சைக் களிம்பு பிடிக்கவில்லை. ஐந்து வோல்ட் ஒழுங்காக வந்தது. எர்த் சரி. ஒயரை முழுக்க ஆட்டி அசைத்துப் பார்த்தேன், எங்கேயும் அறுந்திருக்கவில்லை. அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே பெடலைக் கையால் மெதுவாக அமுக்கினேன். முதல் சென்சாரின் கோடு வழுக்கிக்கொண்டு ஏறியது. அதற்குப் பாதி உயரத்தில் கூடவே வரவேண்டிய இரண்டாவது கோடு, கால்வாசி தூரத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. மறுபடி அமுக்கினேன். அதே இடம், அதே பள்ளம்.

அனிபா அண்ணன் எட்டிப் பார்த்தார். "தேஞ்சுபோச்சு. எந்த இடத்துல காலு ரொம்ப நேரம் நின்னுச்சோ அந்த இடம்தான் தேயும். பெடலையே மாத்திரு."

"மாத்தறேனுங்கண்ணா."

"நினைவைப் புதுசுக்கு மாத்திக் குடுத்திருவியல்ல?"

நான் நினைவின் படத்தைத் திறந்தேன். யாருடைய கால் என்று திரையில் பெயர் வராது, சட்டம் அப்படி. கோடு மட்டும்தான் வரும். பார்த்தேன். என்ன மென்மை என்கிறீர்கள்! கிளம்பும்போது பூப்போல ஒரு ஏற்றம். அப்புறம் ஒவ்வொரு கரடுமுரடான இடத்துக்கும் முன்னால், சரியாக இரண்டு நொடி முன்னால், கால் மேலே வருகிறது. பள்ளம் கடந்ததும் மறுபடி பூப்போல இறங்குகிறது. குஞ்சுக்கு வலிக்கக்கூடாது என்று எவ்வளவு பாசம் பாருங்கள் மகராசிக்கு. எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அந்தப் படத்திலேயே இன்னொரு கோடு உண்டு, திருத்தக் கோடு என்போம். இப்போது ஓட்டுகிறவரின் சொந்தக் கால் எப்படி அமுக்குகிறது, அதை நினைவு எவ்வளவு திருத்துகிறது என்று அது காட்டும். பெடல் மாற்றுவதற்கு முன்னால் அதைப் பார்த்தே ஆகவேண்டும். திருத்தம் ஒரு அளவைத் தாண்டினால் ஓட்டுநருக்குக் காலில் ஏதோ குறை, போக்குவரத்து ஆபீசுக்கு எழுதிவிட வேண்டும். விதி அப்படி. நான் அன்றைக்கு அதைத் திறக்கவில்லை. அவள் கோட்டைப் பார்த்தபின் எனக்கு வேறு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

புதுப் பெடலை மாட்டினேன். 'பழைய நினைவை ஏற்றவா?' என்று திரை கேட்டது. வேண்டாம் என்று தொட்டேன்.

"ஒருக்கா அவரைக் கேட்டுப்போட்டு செய்யி" என்றார் அனிபா அண்ணன்.

"கேட்டாச்சுங்கண்ணா" என்றேன். பச்சைப் பொய்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பெடலை அப்படியே பழைய இரும்போடு போட மாட்டோம். ஒருவருடைய காலை இன்னொருவர் திருடி வண்டியில் ஏற்றிவிடக்கூடாது என்பதற்காக, மாற்றியவரே தன் கையால் அந்த நினைவுச் சிப்பில் துளை போட்டுவிட வேண்டும். மற்ற நாளில் யோசிக்காமல் செய்கிற வேலை. அன்றைக்கு டிரில்லை அழுத்திப் பிடித்து ஒன்றுக்கு மூன்று துளை போட்டேன். இவ்வளவு வருஷத்தில் எந்த வேலையையும் அவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை.

சாயங்காலம் வேந்தன் வந்தார். "நினைவு?" என்றார்.

"மாத்தும்போது போயிருச்சு மாமா. சில சமயம் அப்படி ஆகும். நாலு நாள் கொஞ்சம் முரடா இருக்கும், அப்பறம் உங்க காலையே படிச்சுக்கும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட வேண்டிய வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டு, "சரி" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்காகத்தான் அந்த முகம் என்று நினைத்து எனக்கு ஒரு பக்கம் திருப்தி, ஒரு பக்கம் இன்னும் கடுப்பு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பொரிப்பகத்து மேலாளர் கூப்பிட்டார். கேத்தனூர் பிரிவில் வண்டி தென்னந்தோப்பு வேலிக்குள் போய்விட்டதாம். ஆளுக்கு ஒன்றுமில்லையாம், ஆனால் உடனே வரச் சொன்னார்.

அனிபா அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வேலிக் கல் இரண்டு சாய்ந்து கிடந்தது. வேனின் பின்கதவு திறந்திருந்தது. பண்ணை ஆட்கள் பெட்டிகளை இறக்கி, செத்துக்கிடந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுநூற்றுச் சொச்சம் என்று அப்புறம் சொன்னார்கள். மஞ்சள் மஞ்சளாக, நேற்றுப் பிறந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் அவரிடம் போனேன்.

வேந்தன் ஓட்டுநர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு அமுக்கறேன்னே தெரியல, மோகனா" என்றார்.

நான் குனிந்து பெடலைப் பார்த்தேன். நேற்று மாட்டிய புதுப் பெடல், அதன் மேல் முழுக்க ரத்தம். அவர் வலது காலைத் தூக்கினேன். பெட்டி அடுக்கும் பலகையின் ஆணி ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலுக்குள் இறங்கியிருந்தது.

"இது எப்ப குத்துச்சு?"

"எது?" என்றார்.

ஆணியை விரலால் தொட்டு அசைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், காலை இழுக்கவில்லை.

"மாமா, எத்தனை நாளா?"

"அந்தக் காய்ச்சலுக்கு அப்பறம். சக்கரையும் சேந்துக்கிச்சுன்னு டாக்டர் சொன்னாரு. முட்டிக்குக் கீழ மரக்கட்டைதான்."

"என்றகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எழுதோணும். உன்ற வேலை அது. எழுதாம விட்டா உனக்குக் கெட்ட பேரு, எழுதினா எனக்கு லைசென்சு போயிரும். உன்னை எதுக்கு அந்த இக்கட்டுல மாட்டி விடறதுன்னுதான் வேற கடைக்குப் போனேன்."

அவரால் தன் காலை உணர முடியாது. மூன்று வருஷமாகப் பெடலில் இருந்த அந்தக் கால்தான் இவரையும் அறுபது பெட்டிக் குஞ்சையும் பத்திரமாக ஊர் சேர்த்திருக்கிறது. அதில்தான் நான் மூன்று துளை போட்டேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது.

"மாமா, நினைவு தானாப் போகல. நான்தான் ஏத்தல. பழைய பெடல்லயும் துளை போட்டுட்டேன்."

"தெரியும்."

"ஜீவிதா காலு இருந்தா எனக்குப் பிடிக்கல. பொறாமைதான். செத்தவ மேல பொறாமை. நீங்க என்னை அடிச்சாலும் சரி."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை.

"அது ஜீவிதா காலு இல்ல, மோகனா. அவ காலை நான் அழிச்சு மூணு வருசமாச்சு. காய்ச்சல்ல நான் படுத்திருந்தப்ப நீ ரெண்டு மாசம் ஓட்டினியே? நடுவுல ஒரு நாள் பூட்டை எடுத்துட்டேன். அது உன்ற காலு."

அவர் காலை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"அவ கால வெச்சு ஓட்டிப்போட்டு வந்து உன்ற பக்கத்துல உக்காந்து சோறு திங்கறதுக்கு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நீ ஓட்டறதைப் பக்கத்துல உக்காந்து பாத்தேன். இந்தக் காலு போதும்னு தோணுச்சு. சொல்லலாம்னா, எதுக்கு மாத்துனீங்க, கால்ல என்னன்னு நீ கிண்டிக் கிண்டிக் கேப்ப."

கரடுமுரடான இடத்துக்கு இரண்டு நொடி முன்னால் மேலே வந்த அந்தக் கால். ஜீவிதாதான் ஒரே சீராக ஓட்டுவாள் என்று நங்கையா என் காதுபடச் சொன்னாளே. பள்ளத்துக்கு முன்னால் காலை எடுக்கிறவள் நான். இருபது வருஷமாக ஊர் வண்டிகளின் கோடுகளையெல்லாம் பார்த்து இது இன்னார் கால் என்று சொல்லத் தெரிந்தவள், என் சொந்தக் காலைப் பார்த்து மகராசி என்று திட்டியிருக்கிறேன். தோப்பு ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பண்ணைக்காரர்கள் குஞ்சுக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆணியை எடுத்துக் கட்டுப் போட்டபின், போக்குவரத்து ஆபீசுக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். வேந்தன் பக்கத்திலேயே இருந்தார். 'ஓட்டுநரின் வலது காலில் உணர்வு இல்லை' என்று எழுதினேன். கீழே ஒரு கேள்வி இருந்தது: பழைய பெடலில் திருத்தக் கோடு பார்க்கப்பட்டதா?

"பாத்தேன்னு எழுதிரு. துளை போட்டாச்சு, யாருக்குத் தெரியப் போகுது" என்றார் அவர்.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய ஓட்டுநர் லைசென்ஸ் ஒரேயடியாகப் போனது. பெடல் பார்க்கும் என் லைசென்ஸ் ஆறு மாதத்துக்குப் போனது. ஒர்க்ஷாப்பில் வேலை இல்லை, வீட்டில் வண்டி சும்மா நிற்கிறது. யார் ஓட்டுவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. மறுவாரம் விடிந்ததும் நான் ஏறி உட்கார்ந்தேன், அவர் பக்கத்து சீட்டில் ஏறினார்.

நேற்று ஆயிரம் கிலோமீட்டர் முடிந்தது. கேத்தனூர் பிரிவு தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். 'இந்தக் காலை வைத்துக்கொள்ளவா?' என்று திரை கேட்டது. படத்தைத் திறந்து பார்த்தேன். என் கால்தான், ஆனால் வேறு மாதிரி இருந்தது. கிளம்பும்போதெல்லாம் ஒரு தயக்கம். பள்ளத்துக்கு இரண்டு நொடி முன்னால் எடுக்கிற கால் இப்போது ஐந்து நொடி முன்னாலேயே எடுக்கிறது. சமதரையில்கூட அங்கங்கே காரணமில்லாமல் மேலே வருகிறது. எழுநூறு குஞ்சைச் சாக்கில் பார்த்தபின் எந்தக் கால்தான் நிம்மதியாக அமுக்கும்?

"எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

நேராகக் கேட்டால் அவருக்குப் பொய் வராது. "இதும் நல்லாத்தான் இருக்குது" என்றார். வெளியே பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சேர்த்தார்.

"அவ காலு இன்னும் கொஞ்சம் மெத்துனு இருக்கும்."

யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்த புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பயமும் இல்லாமல் இரண்டு மாதம் வண்டி ஓட்டினாளே, அவளைத்தான் சொல்கிறார். அவளை நான் என் கையாலேயே துளை போட்டு அழித்துவிட்டேன். வயிறு மறுபடியும் எரிந்தது. திரையில் 'சரி' என்று தொட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.